தவறான விடைகளிலிருந்து தொடங்கும் தேர்வு

ஒருவர் 10 கிலோ கொழுப்பைக் குறைத்து உடல் மெலிந்திருக்கிறார். அந்த 10 கிலோ எங்கே போனது? உயிர்வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், “ஆற்றலாக மாறிவிட்டது” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. வியர்வையாகவும் கழிவாகவும் வெளியேறியது என்பவர்களும், தசையாக மாறியது என்பவர்களும் உண்டு. உண்மையில், கொழுப்பிலுள்ள கார்பன் அணுக்கள் கார்பன் டை ஆக்சைடாக மூச்சின் வழியே வெளியேறுகின்றன. கணக்கிட்டால், 10 கிலோவில் 8.4 கிலோ இவ்வாறு மூச்சிலும், மீதி 1.6 கிலோ நீராகவும் உடலை விட்டு நீங்குகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் ஆகிய இருவரும் 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இக்கணக்கை வெளியிட்டார்கள். மருத்துவர்கள், உணவியல் வல்லுநர்கள், உடற்பயிற்சியாளர்கள் ஆகியோரிடம் அவர்கள் இதே கேள்வியைக் கேட்டபோதும், ஆற்றலாக மாறியது என்ற விடையே மிகுதியாக வந்தது.

இந்த விடையைச் சொல்லும் மாணவருக்குக் கிரெப்ஸ் சுழற்சி, அதாவது செல்லுக்குள் உணவுப்பொருள் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் வேதிவினைத் தொடர், தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. அவர் அச்சுழற்சியைப் பிழையின்றி வரைவார்; எந்தெந்தப் படிகளில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்று அம்புக்குறியிட்டும் காட்டுவார்; செமஸ்டர் தேர்வின் பத்து மதிப்பெண் வினாவில் ஒன்பது வாங்குவார். ஆயினும் அந்த அம்புக்குறியும், மெலிந்த உடலும், தாம் விடும் மூச்சும் ஒரே நிகழ்வின் பகுதிகள் என்பது அவர் மனத்தில் இணையவே இல்லை. மூன்றாண்டுகளில் நாங்கள் நடத்தும் இத்தனை தேர்வுகளில் ஒன்றுகூட இந்த இணைப்பு இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டித் தருவதில்லை என்பதுதான் ஓர் ஆசிரியராக எனக்கு நீண்ட காலமாக இருந்துவரும் கவலை. அதைக் காட்டும் தேர்வை அமைக்க முடியும். பிற நாடுகளில் அமைத்திருக்கிறார்கள். அதற்கு என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை இங்கே எழுத விரும்புகிறேன்.

இதில் முன்னே சென்றவர்கள் இயற்பியலார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹெஸ்டென்ஸும் இரண்டு பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து 1992இல், விசை பற்றிய அடிப்படைப் புரிதலை அளக்கும் ஒரு கொள்குறி வினாத்தாளை வெளியிட்டார்கள். அதில் சூத்திரமோ கணக்கோ கிடையாது. அன்றாட மொழியில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, என்ன நடக்கும் என்று கேட்பார்கள். தவறான தெரிவுகள் ஒவ்வொன்றும் மாணவர்கள் உண்மையிலேயே நம்புகிற ஒரு கருத்தாக இருக்கும். 1998இல் ரிச்சர்ட் ஹேக் என்பவர், இவ்வகைத் தேர்வைப் பாடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் எழுதிய 6,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்தார். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில், மாணவர்கள் கற்பதற்கு எஞ்சியிருந்ததில் சராசரியாகக் கால்பங்கையும் எட்டவில்லை. மாணவர்கள் தாமே பேசியும் விவாதித்தும் கற்ற வகுப்புகளில் அது ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எல்லோரும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தியதால்தான் இந்த ஒப்பீடு சாத்தியமாயிற்று.

உயிரியலில் இப்பணி பத்தாண்டு பிந்தியே வேகம் பிடித்தது. டயான் ஆண்டர்சன், கேத்லீன் ஃபிஷர், கிரெகரி நார்மன் ஆகியோர் 2002இல் இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்திய பண்புள்ள உயிர்கள் மிகுதியாகப் பெருகுவதால் இனம் மாறுவது என்ற டார்வினின் கருத்து) பற்றிய 20 வினாக்கள் கொண்ட தேர்வை வெளியிட்டார்கள். கலாபகஸ் தீவுகளின் ஃபிஞ்ச் பறவைகள், வெனிசுலாவின் கப்பி மீன்கள், கேனரித் தீவுகளின் பல்லிகள் என உண்மையான ஆய்வுகளிலிருந்து எடுத்த மூன்று சூழல்களை வைத்தே அத்தனை வினாக்களும் எழுப்பப்படுகின்றன. ‘பறவைகளுக்குத் தேவைப்பட்டதால் அலகு மாறியது’ என்ற தெரிவு அங்கே காத்திருக்கும். டார்வினின் கொள்கையை வரையறுக்கத் தெரிந்த மாணவர் அதைத் தயக்கமின்றித் தேர்ந்தெடுப்பதை நான் என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். 2008இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் மிஷேல் ஸ்மித், வில்லியம் உட், ஜெனிஃபர் நைட் ஆகிய மூவரும் மரபியலுக்கு 25 வினாக்கள் கொண்ட ஒரு தேர்வை உருவாக்கினார்கள். மூலக்கூறு உயிரியல், செல் உயிரியல், உடலியல், சூழலியல் ஆகியவற்றுக்கும் தேர்வுகள் ஒவ்வொன்றாக வந்தன.

ஒரு பாடத்துக்குத் தேர்வு அமைப்பது எளிது. ஒரு பட்டப்படிப்பு முழுமைக்கும் அமைப்பது கடினம். தாவரவியலா, விலங்கியலா, நுண்ணுயிரியலா என்று உயிர் அறிவியல் பல துறைகளாகப் பிரிந்து கிடக்கும்போது, பொதுவாக எதைக் கேட்பது? அமெரிக்க அறிவியல் வளர்ச்சிக் கழகம் 2009இல் கூட்டிய மாநாட்டின் விளைவாக 2011இல் வெளிவந்த அறிக்கை இதற்கு ஒரு விடை தந்தது. பரிணாமம், அமைப்புக்கும் செயலுக்கும் உள்ள உறவு, தகவலின் சேமிப்பும் கடத்தலும், ஆற்றலும் பொருளும் மாற்றமடையும் வழிகள், உயிர்த்தொகுதிகளின் ஒருங்கியக்கம் என்னும் ஐந்து கருத்துகளையே உயிரியல் பட்டதாரி எவரும் கைக்கொண்டிருக்க வேண்டும் என்றது அது. பாடத்திட்டத்தின் ஐந்து அலகுகளிலிருந்து சம அளவில் வினா எடுக்க வேண்டும் என்ற விதிக்குப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றலாம். அலகு என்பது ஆசிரியர் நடத்தி முடிக்க வேண்டிய பகுதி. கருத்து என்பது மாணவரிடம் தங்க வேண்டியது. தேர்வு இரண்டாவதை அளக்க வேண்டும் என்று தீர்மானித்தபின்தான் வேலையே தொடங்குகிறது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை எங்கள் துறையில் நாங்கள் முயன்ற ஒரு வினாவைக் கொண்டே விளக்குகிறேன். ஒரு கைப்பிடி உலர்ந்த பச்சைப்பயறை நீர் மட்டும் தெளித்து, வெளிச்சம் படாத இடத்தில் ஐந்து நாள் முளைக்கவிடுகிறோம். பிறகு முளைகளை ஒன்றுவிடாமல் எடுத்து, நீர் முழுவதும் நீங்கும்படி உலர்த்தி எடைபோடுகிறோம். எடை கூடியிருக்குமா, குறைந்திருக்குமா, மாறாதிருக்குமா? முளைகள் சுவாசிக்கின்றன, ஒளிச்சேர்க்கை நடக்கவில்லை, கார்பன் வெளியேறுகிறது, ஆகவே குறைந்திருக்கும். முதலில் இதைத் தெரிவுகள் ஏதும் தராமல், காரணத்துடன் எழுதச் சொன்னோம். தெரிவுகளை ஆசிரியர்களே அறையில் உட்கார்ந்து யோசித்து எழுதினால், யாரும் நம்பாத தவறுகளே வந்து சேரும். நான்கில் இரண்டை மாணவர் படிக்காமலே ஒதுக்கிவிடுவார். மாணவர்கள் எழுதிய விடைகளிலோ நாங்கள் நினைத்துப் பார்த்திராத வகைகள் இருந்தன. வளர்ச்சி என்றாலே எடை கூடும் என்றார் ஒருவர். வெளிச்சம் இல்லாததால் எந்த வேதிவினையும் நடக்காது, எடை மாறாது என்றார் இன்னொருவர். செடிகள் இரவில் மட்டுமே சுவாசிக்கும் என்பதால் இருட்டில் வைத்தால்தான் எடை குறையும், வெளிச்சத்தில் சுவாசமே நடக்காது என்றவரும் உண்டு.

அடுத்த கட்டமாக, சில மாணவர்களைத் தனித்தனியே அழைத்து, வினாவைப் படிக்கும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டோம். இவ்வகைத் தேர்வுகளை உருவாக்குகிற எல்லாக் குழுக்களும் செய்கிற பணி இது. இதற்கு மாற்றே இல்லை என்று நான் கருதுகிறேன். எடை குறையும் என்று சரியாகச் சொன்ன மாணவி ஒருவர், உலர்ந்த பயறுக்குள்ளும் கொஞ்சம் ஈரம் இருக்கும், உலர்த்தும்போது அதுவும் போய்விடும், அதனால்தான் குறையும் என்று காரணம் சொன்னார். அவர் சொன்னது உண்மையும்கூட. ஆனால் சுவாசத்தைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. வினா அவருக்கு முழு மதிப்பெண் தந்திருக்கும். ஆகவே, முளைக்காத பயறையும் அதே அளவு எடுத்து அவ்வாறே உலர்த்தி இரண்டையும் ஒப்பிடுவதாக வினாவை மாற்றினோம். சரியான விடை தவறான காரணத்தால் வருவதையும், தவறான விடை நல்ல சிந்தனையிலிருந்து வருவதையும் விடைத்தாளில் கண்டுபிடிக்க முடியாது. மாணவரின் பேச்சில்தான் கண்டுபிடிக்க முடியும்.

பேசக் கேட்டபோது வெளிப்பட்ட இன்னொரு சிக்கல் மொழி சார்ந்தது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிப் பட்டப்படிப்புக்கு வரும் மாணவர்கள் எங்கள் வகுப்புகளில் பலர். ஆங்கில வினாவில் இருந்த உலர் எடை என்ற சொல்லை, நீரில் ஊறவைப்பதற்கு முன்பிருந்த எடை என்று அவர்களில் சிலர் பொருள்கொண்டார்கள். அவர்களுக்குச் சுவாசம் பற்றிய புரிதல் இருந்தது; வினாவின் புரிதல் இல்லை. அந்தக் கலைச்சொல்லை எடுத்துவிட்டு, உலர்த்தி எடைபோட்டோம் என்று செய்ததைச் செய்தபடி சொன்னவுடன் அவர்களில் பெரும்பாலோர் சரியாக விடையளித்தார்கள். உயிரியலை அளக்க வந்த வினா ஆங்கிலத்தை அளந்துவிடுகிறது என்ற இந்தக் கோளாற்றைத் தேர்வியலார் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள். மொத்தத் திறனில் ஒத்திருக்கும் இரு பிரிவு மாணவர்கள் ஒரு குறிப்பிட்ட வினாவில் மட்டும் வெவ்வேறாக விடையளித்தால், அந்த வினாவைத் தனியே எடுத்து ஆராய்வதற்கான புள்ளியியல் முறைகள் உள்ளன. தமிழ்நாட்டில் எந்தத் துறைக்குப் பொதுத்தேர்வு அமைத்தாலும் பயிற்றுமொழியை வைத்து இச்சோதனையைச் செய்யாமல் அதை நியாயமான தேர்வு என்று சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பின்னர்தான் எண்கள் வருகின்றன. கல்வியியல் படித்தவர்கள் இவற்றை அறிவார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வினாவுக்கு எத்தனை பங்கு மாணவர்கள் சரியாக விடையளித்தார்கள் என்பது அதன் கடினத்தன்மை. மொத்த மதிப்பெண்ணில் முதல் 27 விழுக்காட்டினருக்கும் கடைசி 27 விழுக்காட்டினருக்கும் அந்த வினாவில் உள்ள வித்தியாசம் அதன் வேறுபடுத்தும் திறன். இந்த 27 என்ற எண்ணை 1939இல் ட்ரூமன் கெல்லி பரிந்துரைத்தார். நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு, மற்றவர்கள் சரியாக எழுதும் வினா ஒன்று தென்பட்டால், பெரும்பாலும் விடைக்குறிப்பு தவறாக இருக்கும், அல்லது வினா இருபொருள் தருவதாக இருக்கும். தேர்வு முழுவதன் நம்பகத்தன்மையைக் கணக்கிடக் கூடரும் ரிச்சர்ட்சனும் 1937இல் தந்த சூத்திரம் இன்றும் பயனில் இருக்கிறது.

ஆனால் இந்த எண்களைப் படிப்பதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேர்வுகளில் இரண்டு நோக்கங்கள் உண்டு. ஒன்று, மாணவர்களை வரிசைப்படுத்துவது. மற்றொன்று, கற்றலை அளப்பது. வரிசைப்படுத்தும் தேர்வில், எல்லோரும் சரியாக விடையளிக்கும் வினா பயனற்றது, அதை நீக்கிவிடுவார்கள். கற்றலை அளக்கும் தேர்விலோ, பாடம் தொடங்கும்முன் யாருக்கும் தெரியாமலிருந்து, பாடம் முடிந்தபின் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட வினாதான் சிறந்த வினா. முதல் நோக்கத்துக்கான அளவுகோலை இரண்டாவதற்குப் பயன்படுத்தினால், மிகச் சிறப்பாகக் கற்பிக்கப்பட்ட கருத்துகளைப் பற்றிய வினாக்கள் ஒவ்வொன்றாகத் தேர்விலிருந்து காணாமல் போகும். நம் நாட்டில் உயிர் அறிவியலுக்கான அகில இந்தியத் தேர்வுகளில் நன்கு அறியப்பட்டது சி.எஸ்.ஐ.ஆர். – யு.ஜி.சி. நெட் தேர்வு. மொத்தம் 200 மதிப்பெண். அதன் மூன்றாம் பகுதியில் 75 வினாக்கள் தரப்பட்டு 25க்கு மட்டும் விடை கேட்கப்படுகிறது. வினாவுக்கு 4 மதிப்பெண், தவறினால் கால்பங்கு குறைப்பு. ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த அமைப்பு பொருந்தும். தாவர உடலியல் போன்ற பகுதிகளில் 25 வினா எழுதியவரும், நோய்த்தடுப்பியல், செல் உயிரியல் போன்ற பகுதிகளில் 25 வினா எழுதியவரும் ஒரே மதிப்பெண் பெறலாம். அந்த மதிப்பெண்ணிலிருந்து இருவருக்கும் உயிரியலில் பொதுவாக என்ன தெரியும் என்று சொல்ல முடியாது. ஆயினும் எத்தனை பேர் நெட் தேர்ச்சி பெற்றார்கள் என்பதை வைத்தே ஒரு துறையின் கற்பித்தலை மதிப்பிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தத் தேர்வு அதற்காக அமைக்கப்பட்டதன்று.

கொள்குறி வினாவுக்கே உரிய ஒரு வரம்பும் இருக்கிறது. சரியான தெரிவைத் தேர்ந்தெடுத்த மாணவர் மற்ற மூன்றையும் தவறென்று அறிந்திருப்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். நெப்ராஸ்கா–லிங்கன் பல்கலைக்கழகத்தில் பிரையன் கௌச்சும் உடன் பணியாற்றியவர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அதே தெரிவுகளைத் தனித்தனிக் கூற்றுகளாக்கி, ஒவ்வொன்றும் சரியா தவறா என்று கேட்டார்கள். சரியான கூற்றைச் சரியென்றவர்களில் பலர், தவறான கூற்று ஒன்றையும் சரியென்றே குறித்திருந்தார்கள். எங்கள் பயறு வினாவில் இதைச் செய்து பார்த்தால் உடனே விளங்கும். ‘முளைகள் சுவாசித்ததால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறியது’ என்பதற்குச் சரி என்று குறிக்கும் மாணவர், ‘விதையிலிருந்த மாவுப்பொருளின் ஒரு பகுதி ஆற்றலாக மாறி மறைந்தது’ என்பதற்கும் சரி என்று குறிக்கிறார். இரண்டு எண்ணங்களும் அவர் மனத்தில் முரணின்றி அருகருகே இருக்கின்றன. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினா இதை மறைத்துவிடும். 2019இல் பொது உயிரியல் பட்டப்படிப்பு முழுமைக்குமாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து உருவாக்கிய தேர்வு இந்தச் சரி–தவறு கூற்று முறையிலேயே அமைந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் சோதித்தபின் வெளிவந்த தேர்வு அது. அதே துறையில் சேரும்போதும், இடையிலும், முடிக்கும்போதும் அதை நடத்தி, எந்தக் கருத்து வளர்ந்தது, எது நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று பார்க்கிறார்கள்.

எழுத்து விடை வேண்டுமென்று உறுதியாக நின்றவர்களும் உண்டு. அமெரிக்க உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல் சங்கம் தன் அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்புகளின் மாணவர்களுக்கு நடத்தும் சான்றிதழ் தேர்வில், தரவைப் பார்த்துத் தம் சொற்களில் விளக்கும்படி கேட்கிறார்கள். பல பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்கள் விருப்பப்பணியாகத் திருத்துகிறார்கள். விடையில் எந்தெந்தச் சிந்தனை இருந்தால் எந்த நிலை என்று முன்னரே வகுத்துக்கொண்டு திருத்துவதால், திருத்துபவர் மாறினாலும் மதிப்பீடு பெரிதாக மாறாது. ஆள்பலமும் நேரமும் மிகுதியாகத் தேவைப்படும் முறை இது. உயிர் அறிவியலுக்கு இதுவே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றினாலும், பல்லாயிரம் பேர் எழுதும் தேர்வில் இதை நடத்துவது எளிதன்று.

நம் தன்னாட்சிக் கல்லூரிகளின் வினாத்தாள்களில் இப்போது ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் கே1, கே2 என்று தொடங்கிக் கே6 வரை குறியீடுகள் அச்சாகின்றன. பென்ஜமின் ப்ளூம் 1956இல் தொகுத்த அறிவுநிலைப் பகுப்பிலிருந்து வந்தவை இவை. குறியீடு இட்டதனால் வினா உயர்ந்துவிடாது. ‘கிரெப்ஸ் சுழற்சியைப் பகுத்தாய்க’ என்று கேட்டு ஓரத்தில் கே4 என்று போட்டாலும், வகுப்பில் நடத்திய குறிப்பையே மாணவர் எழுதுவார் என்றால் அது நினைவாற்றல் வினாதான். மாணவர் முன்பு பார்த்திராத தரவு, முன்பு கேட்டிராத உயிரினம், முன்பு செய்திராத சோதனை ஆகியவற்றில் ஒன்று வினாவுக்குள் வந்தால்தான் பகுத்தாய்வதற்கு இடம் உண்டாகும். இதனாலேயே ஒரு வினாவின் நிலையை, அது எந்த வகுப்பில் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று தெரியாமல் வெளியிலிருந்து ஒருவர் தீர்மானிக்க இயலாது. செய்முறைத் தேர்விலும் இதே நிலைதான். ஸ்பாட்டரை, அதாவது மேசையில் வைத்திருக்கும் மாதிரியை, பார்த்துப் பெயரெழுதும் திறனை ஆண்டுதோறும் அளக்கிறோம். ஒரு கருதுகோளைச் சோதிக்கக் கட்டுப்பாட்டுத் தொகுதியுடன் (ஒப்பிடுவதற்காக மாற்றம் எதுவும் செய்யாமல் வைக்கும் தொகுதி) ஒரு சோதனையை வடிவமைக்கச் சொல்லி அளப்பதே இல்லை.

இத்தகைய பொதுத்தேர்வு வந்தால் அதுவும் ஒரு தரவரிசைக் கருவியாகிவிடாதா என்று உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான அச்சம். கல்லூரிகளை வரிசைப்படுத்தவோ ஆசிரியரின் பதவி உயர்வைத் தீர்மானிக்கவோ இதன் மதிப்பெண்ணைப் பயன்படுத்தத் தொடங்கினால், ஓராண்டுக்குள் வினாக்கள் வெளியே வந்து, விடைகளுடன் கையேடாக விற்பனையாகும். அதனால்தான் இவ்வகைத் தேர்வுகளை உருவாக்கியவர்கள் அவற்றின் விடைகளை ஆசிரியர்களுக்கு மட்டும், கேட்டுப் பெற்றால் மட்டும் தருகிறார்கள். எழுதியதற்காக மாணவருக்குச் சிறு மதிப்பெண் தந்து, எத்தனை சரி என்பதைப் பட்டத்தின் கணக்கில் சேர்ப்பதில்லை. அது கற்பித்தவருக்கான தகவலாக மட்டும் இருக்கும்வரை, தெரியாததைத் தெரியாது என்று காட்ட மாணவருக்கும் தடையிராது.

தமிழ்நாட்டின் உயிர் அறிவியல் துறைகள் இதைத் தொடங்க ஒரு பெரிய நிறுவனத்தையோ நிதியையோ எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. அயல்நாட்டுத் தேர்வுகளை அப்படியே எடுத்து நடத்துவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் மாணவர்களின் தவறுகள் நம் பள்ளிப் பாடநூல்களிலிருந்தும் நம் வீடுகளிலிருந்தும் வருகின்றன. அந்தத் தவறுகள் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு செமஸ்டரிலும் நாம் திருத்தும் விடைத்தாள்களில் மாணவர்கள் தம் சொந்தச் சொற்களில் எழுதிய தவறான விளக்கங்கள் குவிந்திருக்கின்றன. சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த தாளுக்குச் செல்கிறோம். குறித்த காலம் கழிந்ததும் அந்தத் தாள்கள் எடைக்குப் போய்விடுகின்றன. நான்கைந்து கல்லூரிகளின் ஆசிரியர்கள் சேர்ந்து, சுவாசம், விரவல் (செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் பரவுவது), மரபணு வெளிப்பாடு, இயற்கைத் தேர்வு ஆகிய நான்கு கருத்துகளுக்கு மட்டும், மாணவர் பெயரும் பதிவெண்ணும் இல்லாமல் அந்தத் தவறான வாக்கியங்களை எழுதியவாறே ஒரு பொதுக் கோப்பில் சேர்த்து வரலாம். ஓராண்டில், வினா எழுதத் தேவையான தெரிவுகள் மாணவர்களின் மொழியிலேயே கிடைத்துவிடும். எங்கள் துறையில் சுவாசத்துக்கான கோப்பைத் தொடங்கிவிட்டோம். மற்றக் கல்லூரிகளில் உயிர்வேதியியலோ தாவரவியலோ கற்பிப்பவர்கள் சேர விரும்பினால், இந்தச் செமஸ்டர் விடைத்தாள்களைத் திருத்தும்போதே தொடங்கலாம்.